கோயம்புத்தூருக்குப் போன ஆறு எண்கள்

"அந்த மாத்தர பால்ல எறங்காதா கண்ணு?"

மாமியார் இப்படிக் கேட்டபோது நான் மகளுக்கு வாழைப்பழம் மசித்துக்கொண்டிருந்தேன். போன் சர்க்கரை டப்பாவில் சாய்ந்து நின்றது. திரையில் கோயம்புத்தூர் வீட்டுச் சமையலறையும் மாமியாரின் பாதி முகமும். பேத்தி எழுந்தாளா, சாப்பிட்டாளா, சளி போய்விட்டதா என்று கேட்டு முடித்து, அதே குரலில் இதையும் கேட்டார்.

"எந்த மாத்திரைங்கத்தை?"

"அதான், நீ சாப்படறயே." கேட்ட பிறகுதான் அவருக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும். "சரி சாமி, பால் பொங்குது, வெச்சறேன்" என்று வைத்துவிட்டார்.

நான் மாத்திரை சாப்பிடுவது இந்தியாவில் ஒருவருக்கும் தெரியாது. திருச்சியில் என் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. குழந்தை பிறந்து சில மாதங்களில், காரணமே இல்லாமல் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழ ஆரம்பித்தேன். நியூசிலாந்தில், ஆக்லாந்தின் பிளாட் புஷ் பகுதியில் எங்கள் தெருவில் எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு நாள் தள்ளுவண்டியோடு நடந்துவிட்டுத் திரும்பும்போது, எது என் வீடு என்று தெரியாமல் நடைபாதையில் நின்றுவிட்டேன். அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனேன். அவர் நிறையக் கேள்விகள் கேட்டார், மாத்திரை எழுதிக் கொடுத்தார், பாலுக்கு ஒன்றும் ஆகாது என்று நான் கேட்கும் முன்பே சொன்னார். கணவருக்குத் தெரியும். கடலோரப் பகுதியான பிளாக்ஹவுஸ் பேயில் இருக்கும் என் தோழிக்குத் தெரியும். அவ்வளவுதான்.

அதனால் முதலில் கணவரைத்தான் பிடித்தேன்.

"உங்கம்மாகிட்ட சொன்னீங்களா?"

"நான் ஏன் சொல்லப் போறேன்? சொன்னா தினம் போன் பண்ணி என்னையத்தான் கேப்பாங்க."

இந்தப் பதில் உண்மை மாதிரி இருந்தது. அவருக்குத் தொந்தரவு வரும் எதையும் அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். அப்படியானால் யார்? மருந்துக் கடையில் தமிழ் தெரிந்த பெண் ஒருத்தி உண்டு. கோயில் பூசையில் பார்த்திருக்கிறேன். அவளுக்கு ஈரோட்டுப் பக்கம் என்று யாரோ சொன்ன நினைவு. ஈரோட்டிலிருந்து கோயம்புத்தூர் எவ்வளவு தூரம்? ஒரு வாரம் நான் அந்தக் கடைக்குப் போகாமல் வேறு கடைக்குப் போனேன். அந்தப் பெண் ஒரு பாவமும் அறியாதவள். இப்படித்தான் என் புத்தி வேலை செய்யும். எதிரில் இருப்பதை விட்டுவிட்டு ஊரெல்லாம் சுற்றும்.

அடுத்த வாரம் நாத்தனார் பேசினாள். என் கணவரைவிடச் சின்னவள், மாமியார் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே குடியிருப்பவள், காலைக் காப்பியை அம்மா வீட்டில்தான் குடிப்பாள். "ஏனுங்கண்ணி, இப்பெல்லாம் டப்பாப் பால் குடுக்கறது சகஜந்தானுங்க. அந்த டப்பாவக் கட்டிப் புடிச்சுட்டு யாராச்சும் அழுவாங்களா?" என்று சிரித்தாள். ஆறுதல் சொல்லும் சிரிப்புத்தான்.

முதல் டப்பாவை வாங்கி வந்த அன்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று நான் சொன்னது தோழியிடம் மட்டும். சொல்லவும் இல்லை, எழுதினேன். படங்களும் பதிவுகளும் போடும் அந்தத் தளத்தில், தனிச் செய்தியில், இந்த வார்த்தைகளிலேயே எழுதினேன்.

தோழி யாழ்ப்பாணத்துப் பெண். பிரசவத்துக்கு முந்தைய வகுப்பில் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்தவள். எனக்குப் பெண், அவளுக்குப் பையன், பத்து நாள் வித்தியாசம். பால் கொடுத்தபடி ஒரு கையால் இருவரும் எழுதிக்கொண்டே இருந்தோம். அந்த நாட்களில் என்னை மனுஷியாக வைத்திருந்தது அந்தச் செய்திகள்தான். மறுநாளே பிளாக்ஹவுஸ் பேக்குப் போனேன். கடல் உள்வாங்கிச் சேறு தெரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்து நாத்தனார் சொன்னதைச் சொன்னேன். அவள் தன் பையன் வாயிலிருந்து மணலை வழித்தெடுத்தபடி, "நான் ஒருத்தரிட்டயும் கதைக்கேல்ல, அது உங்களுக்குத் தெரியும்தானே" என்றாள்.

"தெரியும். அதனாலதான் நேர்ல வந்தேன்."

"அப்ப போனைத் தாங்கோ. உங்கட கணக்குக்குள்ள ஆர் ஆர் நிக்கினம் எண்டு அது காட்டும்."

அமைப்புகளுக்குள் போய், அதற்குள் பாதுகாப்பு என்று இருந்ததற்குள் போனாள். என் போன், ஆக்லாந்து. வீட்டு லேப்டாப், ஆக்லாந்து. மூன்றாவதாக ஒரு போன். கோயம்புத்தூர். சில மணி நேரத்துக்கு முன் உள்ளே இருந்தது.

"இது ஆற்ற?"

"என் மாமியார் போன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ. நான் என்ர மாமியப் பற்றி எழுதினதெல்லாம் உங்கட மாமி வாசிச்சிருக்கிறா என்ன?"

சிரித்தாள். ஆனால் அவள் முகம் சிவந்துவிட்டது. அவள் எழுதியது மாமியைப் பற்றி மட்டுமில்லை. அவள் கணவருக்கு வேலை போன நாட்கள், அவர் சொன்ன சில சொற்கள், அதெல்லாம் அங்கே இருக்கிறது. என்னை நம்பி எழுதியது. நான் பூட்டாத கதவு வழியாக அது கோயம்புத்தூர் சமையலறைக்குப் போயிருக்கிறது. என் கதையை அவர்கள் படித்ததைவிட இது எனக்கு அதிகம் எரிந்தது. என்னுடையதற்காக மட்டும் என்றால், ஒருவேளை நான் பேசாமலே இருந்திருப்பேன். அப்படிப்பட்டவள்தான் நான்.

"எல்லாத்தையும் வெளிய போடுங்கோ. பாஸ்வேர்டை மாத்துங்கோ. பிறகு டூ ஸ்டெப் போடுங்கோ. பாஸ்வேர்டு தெரிஞ்சாலும் உங்கட போனுக்கு வாற நம்பர் இல்லாட்டி ஒருத்தரும் உள்ள வரேலாது."

"இப்பவே போட்டுரலாமா?"

"இந்தக் கடற்கரையில சிக்னல் சரியில்ல, அரைவாசில நிண்டு போச்செண்டா கரைச்சல். வீட்டில வச்சு ஆறுதலாச் செய்யுங்கோ."

அன்று மாலை கணவர் வந்ததும் கேட்டேன். என் கணக்கு எப்படி உங்கம்மா போனில் இருக்கிறது?

"ஓ, அதுவா" என்றார்.

அந்த 'ஓ, அதுவா'வை என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. மாமியார் எங்களோடு சில மாதம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய நாளில், விமான நிலையத்தில் இவர்தான் போட்டுக் கொடுத்திருக்கிறார். பேத்தியின் படங்களைப் பார்ப்பதற்கு. நான் கழிப்பறையில் குழந்தைக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தேனாம். என் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் நானே சொன்னதுதான். அவருக்கு அந்தத் தளத்தில் கணக்கே கிடையாது. அதெல்லாம் பாதுகாப்பில்லை என்று வைத்துக்கொள்வதில்லை.

"படம் பாக்கக் குடுத்தா மெசேஜ் எல்லாம் படிப்பாங்களா?"

"அம்மா படிச்சிருக்க மாட்டாங்க. தங்கச்சிதான் நோண்டியிருப்பா. அவ சின்னப் புள்ளயிலிருந்தே அப்படித்தான்."

"அவளுக்கு முப்பது வயசு."

"இப்ப என்ன ஆயிப்போச்சு? வெளியாளா? நம்ம வீட்டு ஆளுங்கதானே."

என் கணவர் ஒரு நிறுவனத்தில் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்கிறார். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு, பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதே, உன் மேலாளர் கேட்டாலும் சொல்லாதே என்று வகுப்பெடுக்கிறார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவர் அந்த வகுப்பு எடுப்பதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

"உங்க ஆபீஸ் லேப்டாப்ப உங்கம்மாவுக்குத் திறந்து குடுப்பீங்களா?"

"அது கம்பெனி டேட்டா."

"இது?"

அவர் சாம்பாரைச் சூடு பண்ணப் போனார். அப்புறம் அங்கிருந்தே, "டூ ஸ்டெப் போடறது ரெண்டு நிமிஷ வேலை. வீக்கெண்டுல நான் போட்டுத் தரேன்" என்றார். அவர் போட்டுத் தருவாராம்.

நான் வார இறுதி வரை காத்திருக்கவில்லை. மறுநாள் மதியம் மகள் தூங்கியதும் உட்கார்ந்தேன். தோழி சொன்ன வரிசையிலேயே செய்தேன். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்று இருந்ததை அழுத்தினேன். பாஸ்வேர்டை மாற்றினேன். எல்லாம் என்றால் என் போனும்தான். அதுவும் வெளியே வந்துவிட்டது. சரி, புதிய பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போகலாம் என்று போட்டேன். வழக்கத்துக்கு மாறான மாற்றங்கள் நடந்திருக்கின்றன, இது நீங்கள்தானா என்று உறுதி செய்ய ஆறு இலக்க எண் ஒன்றை உங்கள் போனுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று வந்தது. நல்லது, இப்படித்தான் கேட்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

எண் வரவில்லை. மறுபடி அனுப்பு என்பதை அழுத்தினேன். வரவில்லை. ஜன்னலருகே போனைக் கொண்டுபோய்ப் பிடித்தேன். மறுபடி அழுத்தினேன். போனை அணைத்துப் போட்டேன். நான் எதையோ தப்பாகச் செய்துவிட்டேன், எல்லாப் படங்களும் போயிற்று, பிறந்த அன்று எடுத்த படமும் போயிற்று என்று எனக்குப் பட்டது. அவர் போட்டுத் தருகிறேன் என்றாரே, காத்திருந்திருக்கலாமோ?

அப்போது வீடியோ கால் வந்தது. நாத்தனார்.

"ஏனுங்கண்ணி, அம்மா போனுக்கு என்னமோ ஆறு நம்பரா வந்துட்டே இருக்குதுங்க. உங்குளுதுங்களா?"

அப்போதுதான் திரையில் நட்சத்திரங்களுக்குப் பின்னால் இருந்த கடைசி இரண்டு எண்களைப் பார்த்தேன். அது என் நியூசிலாந்து எண் இல்லை. என் பழைய இந்திய எண்.

இதை இங்கே இருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊரை விட்டு வரும்போது எங்களில் முக்கால்வாசிப் பேர் இந்திய சிம்மை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வருகிறோம். பாங்க் அனுப்பும் எண் அதற்குத்தான் வரும். கல்யாணமான பெண் என்றால் சிம் மாமியார் வீட்டில். மாமியார் போனில் இரண்டாவது சிம்மாக என் எண் இருந்தது. நாத்தனார் ரீசார்ஜ் செய்துவிடுவாள். இங்கிருந்து பாங்க் வேலை ஏதாவது செய்தால் உடனே கூப்பிட்டு, "அத்தை, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்பேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிப்பார். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. என் மாமியார் வீட்டில் என் சிம்மைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று. இந்தக் கணக்கைக் கல்லூரி நாட்களில் தொடங்கியபோது கொடுத்த எண் அதுதான். மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆகவே நான் யாரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேனோ அவர்கள் கையில்தான் சாவி இருந்தது. நான் வெளியே நின்றேன்.

"ஆமா, எனக்கு வந்ததுதான். கடைசியா வந்ததச் சொல்லு" என்றேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"சொல்றனுங். ஆனா இங்க அம்மா போன்ல உங்க பேஜ் வெளிய வந்துருச்சுங்க. பாப்பா படமே காணம். காலங்காத்தால எந்திரிச்சு அம்மா தேடிட்டு இருக்காங்க. பாஸ்வேர்டு மாத்திப்போட்டீங்களா?"

"மாத்தினேன்."

"அப்ப புதுசச் சொல்லுங்க. நான் போட்டுட்டு, உங்குளுக்கு நம்பரச் சொல்லிர்றேன்."

எவ்வளவு இயல்பாகக் கேட்டாள்! கடையில் கொத்தமல்லி கொசுறு கேட்கிற மாதிரி. தான் என்ன கேட்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை என்றுகூட எனக்குத் தோன்றியது. ஒரு நொடி, சொல்லிவிடலாமா என்றும் தோன்றியது. சொல்லிவிட்டு உள்ளே போய், எண்ணை மாற்றிவிட்டு, மறுபடி அவர்களை வெளியேற்றலாம். புத்திசாலித்தனமான வழி அதுதான். ஆனால் அந்த இடைவெளியில் அவள் கை அந்தச் செய்திகளுக்குப் போகும். தோழியின் முகம் சிவந்தது நினைவுக்கு வந்தது.

"முடியாது" என்றேன்.

"ஏனுங்கண்ணி?"

"ஏன்னு உனக்கே தெரியும். பால் டப்பாவக் கட்டிப் புடிச்சு அழுதேன்னு நீ எங்க படிச்ச?"

அவள் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாள். "அட, அதுக்குத்தான் கோவமா? நம்ம அண்ணிதானேன்னு பாத்தனுங்க. நீங்க அழுவறீங்கன்னு தெரிஞ்சா எங்குளுக்குக் கஷ்டமா இருக்காதா?"

"கஷ்டமா இருந்தா என்கிட்ட கேட்டிருக்கணும். எனக்கே தெரியாம படிக்கக் கூடாது."

"இப்ப என்ன, நாங்க திருடிங்களா?"

பின்னால் மாமியாரின் குரல் கேட்டது. போன் கை மாறியது. திரையில் கூரை தெரிந்தது, மின்விசிறி தெரிந்தது, பிறகு அவர் நெற்றி தெரிந்தது.

"என்ன கண்ணு இது? பேத்தியப் பாக்கறதுக்குத்தான் பையன் போட்டுக் குடுத்தான். அதையும் மூடிப்போட்டீன்னா நான் எப்படிப் பாக்கறது?"

"படம் நான் தினம் அனுப்பறேங்கத்தை. நீங்க கேக்கற படமெல்லாம் அனுப்பறேன். ஆனா அந்தக் கணக்கு என்னோடது."

"என்னமோ பெருசா மறைக்கறதுக்கு இருக்கற மாதிரி."

இதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. திருமணமான நாளிலிருந்து மாமியாரிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. அவர் இங்கே இருந்த மாதங்களில், பால் ஊறவில்லை என்று பூண்டும் சுறாவும் சமைத்து என் தட்டில் வைத்தபடி, "எனக்கெல்லாம் இப்படி இருந்ததில்ல" என்று தினமும் சொன்னபோதும் பேசாமல் சாப்பிட்டேன். அன்று பேசினேன்.

"இருக்குங்கத்தை. மறைக்கறதுக்குத்தான் இருந்துச்சு. நான் மாத்திரை சாப்பிடறேன். மனசு சரியில்லைன்னு டாக்டர் குடுத்தாங்க. நீங்க இங்க இருந்தப்பவே அழுதுட்டுத்தான் இருந்தேன், பாத்ரூம்ல தண்ணியத் திறந்துவிட்டுட்டு. பால்ல இறங்காது. கேட்டாச்சு. இதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆனா நான் சொல்லித் தெரிஞ்சிருக்கணும். என் போனத் தோண்டி இல்ல."

அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுவது கேட்டது. என் குரல் கேட்டு உள்ளறையில் மகள் சிணுங்க ஆரம்பித்தாள். தப்பு செய்துவிட்டேனோ, பெரியவரிடம் இப்படியா பேசுவது, அவருக்கு ரத்தக்கொதிப்பு வேறு இருக்கிறதே என்று அடுத்த நொடியே ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் போனைக் கீழே வைக்கவில்லை.

"நம்பரச் சொல்லிரு புள்ள" என்று மாமியார் நாத்தனாரிடம் சொல்வது கேட்டது.

"அம்மா, பாஸ்வேர்டு…"

"சொல்லிரு."

நாத்தனார் எரிச்சலோடு ஆறு எண்களையும் கடகடவென்று சொன்னாள். இரண்டாவது தடவை சொல்லச் சொல்லும் நிலையில் நான் இல்லை. போட்டேன். திறந்தது. மகளின் படம் பெரிதாக வந்து நின்றது. நன்றி சொல்வதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே மீதியைச் செய்தேன். பழைய எண்ணை நீக்க வேண்டுமானால் அதற்கு இன்னொரு எண் அனுப்புவோம் என்று அது மறுபடி கேட்குமோ என்று பயந்தேன். கேட்கவில்லை, உள்ளே வந்துவிட்டதால் விட்டுவிட்டது. நியூசிலாந்து எண்ணைச் சேர்த்தேன். பழையதை நீக்கினேன். இரு படிச் சரிபார்ப்பைப் போட்டேன். இனி பாஸ்வேர்டு ஒன்று, என் கையிலிருக்கும் போனுக்கு வரும் எண் ஒன்று. இரண்டும் இருந்தால்தான் கதவு திறக்கும். கடைசியாக, போன் தொலைந்தால் பயன்படுத்த என்று சில அவசர எண்களைக் காட்டி, இவற்றை நீங்கள் நம்பும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றது. நம்பும் இடம்! சிரிப்பு வந்தது எனக்கு. அடக்க முடியாத கோபத்தில் வருமே, அந்தச் சிரிப்பு.

தோழிக்கு ஒரே வரி எழுதினேன்: பூட்டியாச்சு, உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். அவள் உடனே எழுதினாள்: எனக்கு எதுக்கு மன்னிப்பு, இனி என்ர மாமிட மிச்சக் கதையையும் எழுதலாமோ?

அதற்குப் பிறகு கோயம்புத்தூரிலிருந்து கால் வருவது நின்றுபோனது. நான் தினமும் படம் அனுப்பினேன். சோறு அப்பிய முகம், பூங்காவில் வாத்தைப் பார்த்துத் தவழும் படம், முதல் பல். பார்த்துவிட்டார்கள் என்பது தெரியும். பதில் இருக்காது. நாத்தனார் குடும்பக் குழுவில் பொதுவாக ஒரு வரி போட்டாள், சிலருக்கு வெளிநாடு போனதும் சொந்த மனுசங்களே வேற்றாளாகிவிடுகிறார்கள் என்று. அதற்குப் பெரியம்மா ஒருவர் கும்பிடும் கை போட்டிருந்தார். எதற்குக் கும்பிட்டார் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

கணவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நான் செய்தது சரிதானா என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் யோசிப்பேன். அவர் அம்மா தனியாக இருக்கிறார், பேத்தியைப் பார்க்க ஆசைப்பட்டார், படிக்காதவர் செய்த ஒரு தப்பு, அதற்கு இவ்வளவா என்று ஒரு மனம் சொல்லும். படித்தவள் போட்டுக் கொடுத்து, படித்தவள் படித்து, படித்தவள் சிரித்தாள், இதில் படிக்காத தப்பு எங்கே வந்தது என்று இன்னொரு மனம் கேட்கும். இரண்டாவது மனம் சொல்வதில் கணக்குப் பிழை இருந்தது. போட்டுக் கொடுத்தது படித்தவர், என் கணவர். அதைத் திருத்திக்கொண்டதும் கோபம் கூடத்தான் செய்தது.

ஒரு சனிக்கிழமை முற்பகல். வெயிலும் தூறலும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தது. கணவர் மேசையில் லேப்டாப்போடு இருந்தார். நான் சோபாவில் மகளுக்குச் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். என் போன் ஒலித்தது. பார்த்தேன். ஆறு இலக்க எண். நீங்கள் பாஸ்வேர்டை மாற்றக் கேட்டதற்கான எண் இது, யாரிடமும் பகிர வேண்டாம். மறுபடியும் கோயம்புத்தூரா?

"ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு, சொல்லு" என்றார் அவர். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் எனக்குப் புரியவே இல்லை.

"நீங்களா?"

"ஆமா. பாஸ்வேர்டு மாத்திட்டயே, அதான் மறந்துட்டேன்னு குடுத்தேன். அம்மா இங்க இருந்தப்ப பாப்பாவக் குளிப்பாட்டுன வீடியோ வேணும்னாங்க. எடுத்து அனுப்பறேன். சொல்லு, டைம் ஆயிரும்."

"அந்த வீடியோவ என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"அதான் இப்பக் கேக்கறேன்ல?"

"நீங்க வீடியோ கேக்கல. நம்பர் கேக்கறீங்க."

அவர் இப்போதுதான் திரும்பினார். "என்னையே நம்பலயா நீ?"

இந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு என்று நான் வளர்ந்த வீட்டில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பதில் நாக்கு நுனி வரை வந்தது. எண் என் கையில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. மகள் ஒரு சாக்ஸைக் கழற்றி வாயில் வைத்தாள்.

"இந்த விஷயத்துல நம்பல" என்றேன். "ஏர்போர்ட்ல என்னைக் கேக்கல. அங்க படிச்சாங்கன்னு தெரிஞ்சப்ப எனக்காக ஒரு வார்த்தை கேக்கல. இப்பவும் கேக்கல. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், என்னை விட்டுட்டு அந்தப் பெட்டிகிட்ட கேக்கறீங்க. ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கறீங்கள்ல, நம்பர் கேட்டு வர்றவன் யாரா இருந்தாலும் சொல்லாதேன்னு? நான் சொல்லல."

அவர் முகம் கறுத்துவிட்டது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. நானும் பார்வையைத் தாழ்த்தவில்லை. போன் திரை தானாக அணைந்தது. வெளியே மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. அவர் எழுந்து கதவைத் திறந்துகொண்டு கொடியில் கிடந்த துணிகளை எடுக்க ஓடினார்.

அவர் வெளியே இருந்தபோது அந்தக் குளியல் வீடியோவைத் தேடி எடுத்தேன். மாமியார் காலை நீட்டி உட்கார்ந்து, பேத்தியைக் காலில் குப்புறப் போட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். பின்னால் நான் துண்டோடு நிற்கிறேன், கண் வீங்கியிருக்கிறது. எத்தனை பேர் பார்த்த வீடியோ. யாரும் அந்தக் கண்ணைப் பார்க்கவில்லை. அதை மாமியாருக்கு அனுப்பினேன். ஒன்றும் எழுதவில்லை, வீடியோ மட்டும்.

கணவர் பாதி நனைந்த துணிக் கூடையோடு வந்து தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக உதறி வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப்பின் முன்னால் வைத்த ஸ்டாண்டில் போட்டார். லேப்டாப் பக்கம் போகவில்லை. குழந்தையின் சட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"இன்னும் அந்த மாத்திரை சாப்பிடறியா?"

மாத்திரை ஆரம்பித்த நாளிலிருந்து அவர் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டது இதுதான் முதல் தடவை. எனக்கு அந்தக் கேள்வியின் மேலேயே கோபம் வந்தது, இவ்வளவு தாமதமாக வந்ததற்காக. கூடையிலிருந்த துண்டை எடுத்து உதறினேன்.

"பாதியாக் குறைச்சிருக்காங்க" என்றேன். "போன மாசமே."